எடைக்காரம்மாவும் பதினேழு ஒன்றுகளும்

லாரிக்காரர்களுக்கெல்லாம் அவர் எடைக்காரம்மா. குவாரிச் சாலை பெரிய சாலையில் வந்து சேரும் முக்கில் தரையோடு தரையாக ஓர் இரும்பு மேடை உண்டு. அதை ஒட்டி எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. அறைக்குள் ஒரு ஜன்னல், ஒரு மேஜை, எடை காட்டும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், மிச்ச இடத்தில் எடைக்காரம்மா. முப்பத்து மூன்று வருஷத்தில் நாற்காலி மூன்று முறை மாறியது, பெட்டி இரண்டு முறை மாறியது, அவர் மட்டும் மாறவில்லை.

அந்த மேடையில் அவருடைய சட்டம்தான் சட்டம். வண்டி ஏறி நின்றதும் டிரைவர் இறங்கித் தள்ளி நிற்க வேண்டும். வாய்ப்பேச்சு சுவாரஸ்யத்தில் யாராவது ஒரு காலை மேடையில் ஊன்றினாலோ வண்டிமேல் சாய்ந்தாலோ ஜன்னலிலிருந்து குரல் வரும்: "மேடை மேல யாரு கை?" கையா காலா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை, எல்லாம் கைதான். இன்னொரு சட்டம் மறு எடை. எந்த டிரைவரும் ஒரு தரம் "மறு எடை வேணும்" என்று கேட்கலாம். ஏன் என்று அவர் கேட்கமாட்டார், கேட்டவன் முகத்தையும் பார்க்கமாட்டார். வண்டியை இறக்கி, திரும்ப ஏற்றி, பெட்டியை மட்டும் பார்ப்பார்.

ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் பத்து நிமிஷம் கிடைக்கும், சில நாள் அரைமணி கிடைக்கும். அந்த நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். எடைக்காரம்மா வகுப்பார்.

இந்தக் கிறுக்கு பிடித்தது வேலைக்குச் சேர்ந்த வருஷம். அன்றைக்கு அச்சாகி வந்த ஒரு சீட்டின் வரிசை எண் 11111. அதைப் பார்த்த டிரைவர், "அக்கா, இதை எதாலயும் வகுக்க முடியாது. ஒரே ஒத்தை ஒத்தையா நிக்குதே!" என்றான். "ஏன் முடியாது?" என்றார் இவர். பந்தயம் ஒரு டீ. வீணான சீட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு இரண்டு, மூன்று, ஐந்து என்று வரிசையாக வகுத்துப் பார்த்தார். நாற்பத்தொன்றில் உடைந்தது. நாற்பத்தொன்றை இருநூற்று எழுபத்தொன்றால் பெருக்கினால் அச்சு அசலாக 11111. எடைக்காரம்மா டீயைக் குடிக்க மறந்து அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த நாற்பத்தொன்று அதற்குள்ளே எங்கே உட்கார்ந்திருந்தது? யார் வைத்தார்கள்? வெறும் ஒன்றுகளைத்தானே வரிசையாக நிறுத்தினோம்!

அப்புறம் விடவில்லை. ஏழு ஒன்றுகள் 239-இல் உடைந்தன. பதினொரு ஒன்றுகள் சும்மா விடவில்லை. இரண்டரை வருஷம் இழுத்தடித்து, நடுவில் மகள் பிறந்து, கடைசியில் 21649-இல் வழிவிட்டன. பதின்மூன்று என்னவோ பெரிய ஆள் மாதிரி வந்து 53-இலேயே கவிழ்ந்தது. பன்னிரண்டு, பதினைந்து போன்றவற்றை அவர் சீந்தவே இல்லை. பதினைந்து பேரை ஐந்தைந்தாக நிற்க வைத்தாலே பிரிந்துவிடும், அதில் என்ன வீரம்? ஆக அடுத்தது பதினேழு.

11111111111111111. வாயால் சொன்னால் நூற்றுப் பதினோரு கோடி கோடிக்கு மேல். மகளுக்கு ஒரு வயது ஆனபோது அதைக் கையில் எடுத்தார். இப்போது மகளுக்கு முப்பது.

கண்மூடித்தனமாக வகுக்கவில்லை. முன்னால் உடைந்தவற்றை அருகருகே எழுதி வைத்துப் பார்த்ததில் அவர் கண்ணில் ஒன்று பட்டிருந்தது. ஏழு ஒன்றுகளை உடைத்த எண்களில் ஒன்றைக் கழித்தால் மிச்சம் பதினாலால் வகுபடுகிறது. பதினொன்றை உடைத்தவற்றில் ஒன்றைக் கழித்தால் இருபத்திரண்டால் வகுபடுகிறது. அப்படியானால் பதினேழை உடைக்க வருகிறவன் முப்பத்து நாலின் மடங்கோடு ஒன்று கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். அவனும் வேறெதாலும் உடையாதவனாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து அந்த வாரத்துக்கான ஆட்களைச் சலித்து எடுப்பார், வாரநாளில் தினம் ஒருவன், ஆளுக்கு ஒரு சீட்டு.

இந்த விதி சரிதானா என்று ஆறு வருஷம் யாரையும் கேட்கவில்லை. மகளைப் பள்ளியில் சேர்த்தபிறகு பெற்றோர் கூட்டம் வந்தது. மற்ற அம்மாக்கள் எல்லாம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்க, இவர் கணக்கு வாத்தியாரிடம் சீட்டை நீட்டினார். அவர் ஒரு வாரம் கழித்துச் சொல்லியனுப்பினார்: விதி சரி, நிரூபணமும் இருக்கிறது, பத்தொன்பது ஒன்றுகள் எதனாலும் உடையாது என்றும் பெரியவர்கள் கண்டிருக்கிறார்கள், பதினேழைப் பற்றிச் சொல்லட்டுமா? எடைக்காரம்மா நேரிலேயே போய்விட்டார். "சார், பதினேழைப் பத்தி நீங்க வாயைத் திறக்கவே கூடாது." வாத்தியார் பயந்துபோய்த் திறக்கவில்லை.

அது வீட்டுச் சட்டமும் ஆனது. யாரும் தேடிப் பார்த்துச் சொல்லக்கூடாது. மகளின் அப்பா பேருந்து இருக்கைகளுக்கு உறை தைக்கிறவர். மனைவியின் கணக்கில் தலையிடாமல் கேலியில் மட்டும் தலையிடுவார். "என்ன, பதினேழு பேரும் நின்னுக்கிட்டே இருக்காங்களா? ஒருத்தனுக்காவது கால் வலிக்கலையா?" தினமும் சாயங்காலம் எடைக்காரம்மா வீட்டுக்கு வந்து, பையை ஆணியில் மாட்டி, சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அன்றைய கட்டத்துக்குள் அன்றைக்கு வகுத்த எண்ணை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். மிச்சம் வந்தது என்று அர்த்தம். உடைந்தால் அங்கே சுழியம் வரும். சுழியத்தை அந்த வீட்டுச் சுவர் பார்த்ததே இல்லை.

மகள் சட்டத்தை மீறிவிட்டாள்.

பத்தொன்பது வயதில், கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில், சும்மா பதினேழு தரம் ஒன்றைத் தட்டினாள். விரலை எடுக்குமுன் விடை வந்து நின்றது. 2071723 பெருக்கல் 5363222357. அம்மா பதினெட்டு வருஷமாகத் தேடுவது கண்ணை இமைக்கும் நேரத்தில். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படித்ததுபோல் முகம் சுட்டது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மனம் கணக்குப் போட்டுவிட்டது: அம்மா போகிற வேகத்தில் இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்றை அடைய இன்னும் பதினோரு வருஷம்.

பதினோரு வருஷம் வயிற்றில் வைத்திருந்தாள். வேறு ஊருக்கு வேலைக்குப் போனபிறகும் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும்போது முதலில் அம்மா முகத்தைப் பார்ப்பாள், அடுத்ததாகக் காலண்டரை. பத்தொன்பது லட்சம். இருபது லட்சம். ஞாயிற்றுக்கிழமை அம்மா சலித்து வைக்கும் பட்டியலைத் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எட்டிப் பார்த்து, கடைசியில் நாளையே குறித்துவிட்டாள். வரும் புதன்கிழமை.

புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். கை சும்மா இருக்குமா? ரயில் நின்ற ஒரு நிலையத்திலிருந்து பதினொன்றேகால் சுமாருக்கு அம்மாவுக்குப் போன் செய்தாள். குரலையாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.

"அம்மா, சாப்பிட்டியா?"

"பதினொண்ணேகாலுக்கு என்னடி சாப்பாடு? உடம்பு சரியில்லையா?"

"சும்மாதாம்மா. என்ன பண்றே?"

"என்ன பண்ணுவேன், வகுத்துக்கிட்டிருக்கேன். வை, வண்டி வருது."

மகள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து இருக்கைக்காரர் இவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஒரு பெட்டி இனிப்போடு, சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எடைக்காரம்மா வந்தார். "என்ன திடீர்னு?" என்று கன்னத்தைத் தட்டினார். பையை மாட்டினார். பென்சிலை எடுத்தார். 2071723 என்று எழுதினார்.

பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

வைத்துவிட்டு, "வெங்காயம் இருக்கான்னு பாரு" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனார்.

மகள் அந்தப் புள்ளியையே பார்த்தாள். இனிப்புப் பெட்டி கையில் அப்படியே இருந்தது. அம்மா தாண்டிவிட்டார். இருபத்தொன்பது வருஷம் நடந்து வந்து, அதன் வாசலில் நின்று, கதவைத் தட்டி, ஆளில்லை என்று எழுதிவைத்துவிட்டுத் தாண்டிவிட்டார். இன்னொரு எண் ஐந்நூறு கோடிக்கு அப்பால் இருக்கிறது. பதினேழு ஒன்றுகள் உடையாது என்று ஒருவர் உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் பத்தரைக் கோடி வரை வகுத்தாக வேண்டும். அம்மாவின் வேகத்தில் அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல். அம்மா நாளைக்கும் வகுப்பார், ஓய்வு பெற்றும் வகுப்பார், கை நடுங்குகிற வரை வகுப்பார், சுவரில் புள்ளி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும்.

கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இன்னைக்குப் போட்டதா? இன்னைக்கா?"

"ஆமாம்ப்பா. சொல்லிடவா?"

"சொல்லிட்டா அவ கண்டுபிடிச்சதா ஆகாது. நீ சொன்னதாத்தான் ஆகும்." சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லலேன்னா அதைவிடக் கொடுமை. ஏம்மா, எனக்கு எதுக்கு இதைச் சொன்னே? எனக்கு எதுவும் வயித்துல தங்காதுன்னு தெரியாதா?"

ராத்திரி முழுக்க மகள் புரண்டாள். காலையில் அம்மா டீயோடு உட்கார்ந்ததும் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"அம்மா. எனக்கு மறு எடை வேணும்."

எடைக்காரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எதுக்கு?"

"காரணம் கேக்கக்கூடாதுல்ல."

அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எடைக்காரம்மாவின் கண் மகளின் முகத்துக்கு வந்து, வந்த வேகத்தில் விலகிக்கொண்டது. முப்பத்து மூன்று வருஷப் பழக்கம்.

"எதை மறு எடை போடணும்?"

"எல்லாச் சீட்டையும்."

"ஒன்பதாயிரத்து அறுநூறு சீட்டுடி. ஒவ்வொண்ணுக்கும் ஒன்பது சோதனை போட்டிருக்கேன். ஒரு சீட்டுகூடப் போடாம விட்டதில்லை."

ஒன்பது சோதனை என்பது பழைய வழி. எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, கூட்டியதை மறுபடி கூட்டி, ஒற்றை இலக்கமாக்குவது. பதினேழு ஒன்றுகளைக் கூட்டினால் பதினேழு, அதைக் கூட்டினால் எட்டு. வகுத்த எண், ஈவு, மிச்சம் மூன்றையும் அப்படியே சுருக்கிப் பெருக்கிக் கூட்டினாலும் எட்டு வரவேண்டும். வந்தால் வகுத்தல் சரி.

"ஒன்பதை வச்சு வேண்டாம்மா. பதினொண்ணை வச்சுப் போடு."

எடைக்காரம்மா பென்சிலை எடுத்தார். காலண்டர் ஓரத்தில் ஏதோ ஓர் எண்ணைக் கிறுக்கினார், அதன் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடியில் எழுதினார், இரண்டின் இலக்கங்களையும் தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தார். இரண்டுக்கும் ஒரே விடை. இலக்கங்கள் இடம் மாறினால் கூட்டல் மாறாதே! அவசரத்தில் இரண்டு இலக்கத்தை முன்பின்னாக எழுதியிருந்தால் ஒன்பது சோதனைக்குக் கண்ணே தெரியாது. பதினொன்றுச் சோதனையில் இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் போவதால் இடம் மாறினால் பிடித்துவிடும்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. மகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"இருபத்தொன்பது வருஷம்," என்றார் எடைக்காரம்மா. பிறகு டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். "சரி. மறு எடைன்னா மறு எடைதான். முதல் சீட்டுலேருந்து போடறேன்."

"பின்னாடியிலேருந்து ஆரம்பிச்சா என்ன?" என்று வாயை விட்டார் அப்பா. மேஜைக்கடியில் மகள் அவர் காலை மிதித்தாள்.

"முதல்ல வந்த வண்டிதான் முதல்ல." பையை மாட்டிக்கொண்டே திரும்பினார். "நான் சீட்டு பாக்கிறப்போ நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் வரக்கூடாது. உங்க மூஞ்சி ரெண்டும் எடை காட்டுற பெட்டி மாதிரி இருக்கு."

நூறு நூறாகக் கட்டி, பரணிலும் கட்டிலுக்கடியிலும் அடுக்கியிருந்த கட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு நாளைக்கு நாற்பது சீட்டு. புது வகுத்தல் கிடையாது. காலண்டர் கட்டங்கள் முதன்முறையாகக் காலியாகக் கிடந்தன. மகள் வாரம் தவறாமல் போன் செய்தாள், "எப்படி இருக்கே?" என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எடைக்காரம்மாவே சொல்வார்: "மூணாயிரம் ஆச்சு. ரெண்டு தப்பு ஆப்புட்டுச்சு. திரும்பப் போட்டேன், மிச்சம்தான்." ஆறாயிரத்தில் ஒன்பது தப்பு. ஒன்பதாயிரத்தில் பதினாலு. ஒவ்வொன்றையும் திரும்ப வகுத்து, மிச்சம் வந்து, ஓரமாக வைத்தார். எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த எட்டு மாதத்தில் அப்பா வாயைத் திறக்காமல் இருந்ததுதான் பெரிய சாதனை என்று அவரே பிற்பாடு பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் வந்தது. எடைக்காரம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நாளைக்கு வர முடியுமா? வீட்டுக்கு வேண்டாம். மேடைக்கு வா."

மகள் போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்றரை. வண்டி எதுவும் இல்லை. இரும்பு மேடை வெயிலில் கிடந்தது. அறைக்குள் எடைக்காரம்மா மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, ஒரே ஒரு சீட்டைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தார்.

"பதினொண்ணுச் சோதனையில் ஒண்ணு வரணும். கடைசிச் சீட்டுக்கு ஒண்ணுக்குப் பதிலா சுழி வந்துச்சு. திரும்பப் போட்டேன். கடைசிக் கோடு வரைக்கும் போட்டுட்டேன், அதுக்கு மேல கை ஓடல. நீ போடு."

மகள் குனிந்தாள். மேலே பதினேழு ஒன்றுகள், பக்கத்தில் 2071723, கீழே படிப்படியாக இறங்கி வந்த கழித்தல்கள். ஈவு 536322235 வரை வந்து நின்றிருந்தது. கடைசி மிச்சம் 1450206. கடைசி ஒன்றை இறக்கி அதன் அருகில் வைத்தாயிற்று: 14502061.

பென்சிலை வாங்கி ஏழு என்று எழுதினாள். பெருக்கத் தொடங்கினாள். ஏழு மூன்று இருபத்தொன்று, ஒன்றை எழுதினாள். மேலேயும் ஒன்று. ஏழிரண்டு பதினாலு, இரண்டும் பதினாறு, ஆறு. மேலேயும் ஆறு. சுழியம், மேலே சுழியம். இரண்டு, மேலே இரண்டு. சுழியம், சுழியம். ஐந்து, ஐந்து. இந்த எண்ணை அவள் பதினோரு வருஷமாக மனப்பாடமாக வைத்திருக்கிறாள், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இப்படி ஒவ்வோர் இலக்கமாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதுபோல வந்து பொருந்துவதை அவள் பார்த்ததே இல்லை. கடைசியாகப் பதினாலு. மேலேயும் பதினாலு.

கோடு போட்டு, அடியில் சுழியம் எழுதினாள்.

அந்தச் சுழியம் யாரும் செய்து வைக்காதது. ஒன்றுகளை வரிசையாக நிறுத்தியதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்யவில்லை. இந்த அறையில், இந்த நாற்காலியில், தன்னந்தனியாக அம்மா இத்தனை வருஷம் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உனக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றார் எடைக்காரம்மா.

"பதினோரு வருஷமா. மன்னிச்சிடும்மா."

"தெரியும், சரி. பாத்திருக்கியா?"

"இல்ல. இன்னைக்குத்தான் பாக்கறேன்."

எடைக்காரம்மா சுழியத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்தார். "நான் தப்பாப் போட்டு புள்ளி வச்சேனே, அன்னைக்கும் இது இப்படியேதான் இருந்திருக்கு. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியும். எண்ணத் தெரிஞ்ச ஒரு ஆள்கூட இல்லாதப்பவும்." விரலை அங்கேயே வைத்திருந்தார். "நினைச்சா எனக்குப் பயமாக்கூட இருக்குடி. ஆனா நல்ல பயம்."

பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து பழைய சீட்டை எடுத்தார். நாலாவது கழித்தலில் 460662 என்று வரவேண்டிய இடத்தில் 466062 என்று இருந்தது. ஒரு சுழியமும் ஓர் ஆறும் இடம் மாறியிருந்தன. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் தடம் புரண்டு எங்கேயோ போயிருந்தது.

வகுக்கும்போது நடுவில் எது குறுக்கிட்டாலும், குறுக்கிட்ட வரிக்கு நேராக ஓரத்தில் நேரத்தோடு குறித்து வைப்பது எடைக்காரம்மாவின் வழக்கம். லாரி, காற்று, மழை, கரண்ட் போச்சு. மகள் நாலாவது வரியின் ஓரத்தைப் பார்த்தாள்.

*11.20. மகள் போன்.*

"அம்மா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை என்று, வேறு எந்த நாளும் இல்லாமல் அன்றைக்குப் பார்த்து, அந்த ஒரு வரியில்!

எடைக்காரம்மா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "மேடை மேல யாரு கைன்னு அன்னைக்கே கேட்டிருக்கணும்."

மகளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது. வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்து மேடை ஏறியது. எடைக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்தார், டிரைவரைத் தள்ளி நிற்கச் சொன்னார், எடை பார்த்தார், சீட்டை அச்சடித்துக் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்து பென்சிலை எடுத்தார். புதுச் சீட்டில், சுழியத்துக்கு நேராக, ஓரத்தில் குறித்தார்:

*3.40. மகள் பக்கத்தில்.*